தமிழில் சோதிக்காத படிவம்

பிரெஞ்சுக்காரர்கள் எழுதும்போது ஒற்றை மேற்கோள் குறியை நிறையப் போடுவார்கள், மேடம். அவர்கள் மொழி அப்படி. குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதிக்கு வெப்சைட் செய்து கொடுத்தபோதுதான் எனக்கு இது தெரிந்தது. அறை வேண்டும் என்று யார் எழுதினாலும் விடுதிக்கு வந்து சேர்ந்தது. பிரெஞ்சில் எழுதியது மட்டும் வரவில்லை.

சர்வரில் ஒரு காவல் உண்டு. உள்ளே வரும் ஒவ்வொன்றையும் நூற்றுக்கணக்கான விதிகளோடு வைத்துப் பார்க்கும். தகவல் திருட வருகிறவர்கள் அந்த மேற்கோள் குறியைக் கருவியாகப் பயன்படுத்துவார்கள் என்பதால், குறி நிறைய இருந்தால் நிறுத்திவிடும். அனுப்பியவருடைய திரையில் ஆங்கிலத்தில் 'தடை செய்யப்பட்டது' என்று ஒரு வரி வரும். அதே நேரத்தில் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். எத்தனை மணி, எந்த எண்ணுள்ள விதி, அனுப்பியவர் என்ன எழுதியிருந்தார், எல்லாம் ஒரு எழுத்து விடாமல் இருக்கும். விதி எண்ணைப் பார்த்து, 'இந்தப் படிவத்துக்கு இந்த விதி வேண்டாம்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். இருபது நிமிடத்தில் முடித்தேன். விடுதிக்கார அம்மா ஒரு கேக் கொடுத்தனுப்பினார்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், எனக்கு வேலை தெரியாமல் நடந்த தவறு என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. எனக்கு வேலை தெரியும்.

இந்த விசாரணைக்காக உங்கள் மேசையில் இருக்கிற தாளுக்கு வருகிறேன். வினோதினியின் புகார், மே இருபத்தொன்று, காலை பத்து நாற்பது. மூன்றாம் கிணற்று மோட்டார் வயர் வாய்க்காலில் கிடக்கிறது என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்த வயரை இரண்டு நாள் முன்பே யாரோ தூக்கிக் கட்டிவிட்டார்கள் என்று அவரோடு உப்பளத்தில் வேலை செய்யும் மங்கம்மா உங்களிடம் சொல்லியிருக்கிறார். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று கேட்டீர்கள். இரண்டுமே என் வேலைதான். வரிசையாகச் சொல்கிறேன்.

உப்பு பாக்கெட் போடும் கம்பெனிக்கு அந்த வெப்சைட்டை நான்தான் செய்தேன். அவர்களிடம் உப்பு வாங்குகிற பெரிய இடத்தில், தொழிலாளிகள் நேராகப் புகார் சொல்ல வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். மேனேஜர் பஞ்சநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். மரக்காணம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் என் ஆபீஸ். சுற்றுவட்டாரத்தில் இந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஜனவரி கடைசியில் உப்புக் கிடங்கு வாசலில் ஷாமியானா போட்டுத் தொடங்கி வைத்தார்கள். எனக்கும் மைக் கொடுத்தார்கள். "இங்கிலீஷ் தெரியணும்னு இல்ல. தமிழ்லயே எழுதுங்க. எழுதின அடுத்த நிமிஷம் மேனேஜர் சார் கையில இருக்கும்" என்று சொன்னேன். கை தட்டினார்கள்.

முன்வரிசையில் இருந்த இருசப்பன் என்கிற பெரியவர், "எழுதவே தெரியாதவன் என்னா பண்றது?" என்று கேட்டார்.

"நான் எழுதித் தரேன் மாமா. ஒரு டீ வாங்கிக் குடு, போதும்" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார்.

"ஒன் கையெழுத்துக்கு டீயே அதிகம்மா."

"போன்ல ஏது மாமா கையெழுத்து?"

எல்லோரும் சிரித்தார்கள். அதுதான் வினோதினி. பன்னிரண்டாவது வரை படித்தவர். அளத்தில் உப்பு வாரி, கூடையில் சுமந்து வரப்பில் கொட்டுகிற வேலை. புருஷன் அசோகன் கடலுக்குப் போகிறவர். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

தொடக்க விழாவுக்கு முன்னால் படிவத்தைச் சோதித்தேன். பெயர் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் டெஸ்ட் என்று அடித்தேன். புகார் என்ற இடத்தில் டெஸ்ட் டெஸ்ட் ஒன்று இரண்டு மூன்று. போய்ச் சேர்ந்தது. இந்த வேலையில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம், மேடம். திரை முழுக்கத் தமிழ் இருந்தாலும் விரல் அந்த நாலு ஆங்கில எழுத்தைத்தான் அடிக்கும். யோசித்துச் செய்வதில்லை.

செக்யூரிட்டி பலமாக இருக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். இருப்பதிலேயே கடுமையான விதிகளைப் போட்டிருந்தேன். அதில் ஒன்று, ஆங்கில எழுத்துக்கு வெளியே எது வந்தாலும் நிறுத்து என்பது. அந்த விதியை வெளிநாட்டில் யாரோ அவர்கள் ஊருக்கு எழுதியிருக்கிறார்கள். அதன் கண்ணில் 'வணக்கம்' கூடச் சந்தேகத்துக்குரிய சரக்கு.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மூன்று மாதமும் அறிக்கை கொடுத்தேன். வெப்சைட் செயல்பாடு நன்று, புகார்கள் இல்லை. கீழே சக்கரபாணி என்று கையெழுத்து. ஏப்ரல் அறிக்கையைப் பார்த்துவிட்டு பஞ்சநாதன் சார், "நம்ம அளத்துல ஒரு கொறையும் இல்லன்னு இப்பதான்யா எழுத்துல தெரியுது" என்றார். அந்தத் தாள்களைத் தனிக் கோப்பில் போட்டு வைத்தார். மே இருபத்துமூன்றாம் தேதி, உப்பு வாங்குகிற இடத்திலிருந்து ஆய்வுக்கு வருவதாக இருந்தார்கள். அவர்களிடம் காட்டுவதற்கு.

மே இரண்டாம் தேதி மத்தியானம் சர்வரில் இடம் குறைகிறது என்று எச்சரிக்கை வந்தது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். காவலின் பதிவேடு. திறந்தால் பக்கம் பக்கமாகச் சதவீதக் குறியும் எண்ணும். தமிழ் எழுத்து பதிவேட்டில் அப்படித்தான் தெரியும். திருப்பித் தமிழாக்கிப் படித்தேன்.

அறுபத்துமூன்று புகார்கள் இருந்தன.

முதலாவது ஜனவரி இருபத்தொன்பது. 'வணக்கம். இது வேலை செய்யுதா?' என்று யாரோ கேட்டிருந்தார்கள். குடிக்க வைக்கிற தண்ணீர் வெயிலில் கொதிக்கிறது என்று ஒன்பது பேர். பெண்களுக்கு மறைவிடம் இல்லை என்று பதினாலு பேர். ரப்பர் பூட்ஸ் கிழிந்து உப்புநீர் புகுந்து கால் வெந்து போகிறது என்று ஒருவர் படம் சேர்த்து அனுப்பியிருந்தார். பெரும்பாலானவர்கள் ஒரு முறை அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். காது சுட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்பும் மேஜை மேல் ஏறி நிற்கச் சொல்வார்களே, அதுபோல. மைக்கில் நான் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது.

சரி செய்வதற்கான வரியை அப்போதே எழுதிவிட்டேன். விடுதிக்கு எழுதிய அதே வரி, எண் மட்டும் வேறு. எழுதி முடித்துவிட்டு வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டேன். இரண்டு குறுக்குக் கோடு, இரண்டு நெடுக்குக் கோடு. அந்தக் குறி முன்னால் இருந்தால் சர்வர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். வரி இருக்கும், வேலை செய்யாது. அந்தக் குறியை அழித்தால் வேலை செய்யும்.

ஏன் போட்டேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். திறந்துவிட்டால் அடுத்த நாளே புகார்கள் கொட்டும். மூன்று மாதம் ஒன்றும் இல்லை, இப்போது மட்டும் எப்படி என்று சார் கேட்பார். யாராவது, நான் பிப்ரவரியிலேயே போட்டேனே என்பார்கள். என் கையெழுத்து போட்ட மூன்று தாளும் பொய்யாகிவிடும். ஆய்வு முடியட்டும், இருபத்துநாலாம் தேதி குறியை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதம் பொறுத்தவர்கள் மூன்று வாரம் பொறுக்க மாட்டார்களா என்றும் நினைத்தேன். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வினோதினியின் முதல் புகார் மே நாலாம் தேதி வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது. நிறுத்தப்பட்டது.

'மூணாம் நம்பர் கெணத்து மோட்டார் வயர் ஒட்டுப் போட்ட எடம் பிரிஞ்சி வாய்க்கா தண்ணியில கெடக்குது. மங்கம்மாக்காவுக்கு நேத்து கால்ல ஷாக் அடிச்சிது. சீக்கிரம் ஆள் அனுப்புங்க.'

உப்புநீரில் கரண்ட் எப்படிப் பாயும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நானும் இந்த ஊர்க்காரன்தான்.

அன்றைக்கே இரண்டாவது முறை அனுப்பினார். மறுநாள் எனக்கு போன் வந்தது. வெப்சைட்டின் அடியில், உதவிக்கு என்று என் நம்பர்தான் இருக்கிறது.

"சார், நான் வினோதினி பேசறேன், அளத்துலேர்ந்து. புகார் போட்டா போவ மாட்டேங்குது சார். ஃபர்பிடன்னு வருது. பொண்ண கேட்டேன், தடை பண்ணியிருக்குதுன்னு அர்த்தம்னு சொல்றா. நான் ஏதாச்சும் தப்பா எழுதிட்டனா?"

"அதெல்லாம் இல்லீங்க. சர்வர் பிஸியா இருக்கும். கொஞ்ச நேரம் விட்டு அனுப்புங்க" என்றேன்.

"மேஸ்திரிகிட்ட நேர்ல சொல்லலாம்னு பாத்தா, சைட்ல போடு, அதுக்குத்தான சைட்டு வச்சிருக்குதுங்கறாரு. முன்னல்லாம் வாயால சொன்னாலே கேப்பாங்க சார். இப்ப சைட்டு வந்ததுலேர்ந்து வாயத் தெறந்தா சைட்டுதான்."

"அனுப்புங்க, போயிடும்" என்றேன்.

அவர் என்னை நம்பினார். போகாததற்குக் காரணம் தான் எழுதிய விதம் என்று முடிவு செய்துகொண்டார் போலிருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொன்றும் மரியாதை கூடிக்கொண்டே போனது. ஐந்தாவது, 'மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு' என்று தொடங்குகிறது. ஏழாவதில் 'தாழ்மையுடன்' வருகிறது. அதில் ஷாக் என்ற சொல்லை எடுத்துவிட்டார், அந்தச் சொல்லுக்குத்தான் தடையோ என்று நினைத்திருக்க வேண்டும். ஒன்பதாவதில், 'இதற்கு முன் எழுதியதில் தவறு இருந்தால் மன்னிக்கவும்.' பதினொன்றாவது மே பதினெட்டு. மிகச் சின்னது.

'ஐயா, நாங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. வயரை மட்டும் பார்க்கவும்.'

பதினொன்றையும் அவை வந்த அன்றன்றே நான் படித்தேன், மேடம். இது உங்கள் குறிப்பில் இருக்கட்டும். காலையில் ஆபீஸைத் திறந்ததும் முதலில் அந்தப் பதிவேட்டைத்தான் பார்ப்பேன்.

பஞ்சநாதன் சாரிடம் போனில் சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார். பெயர் சொல்லாமல் மின்வாரியத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அது இப்போதுதான் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை என்று சொல்லத்தான் ஆசை. தோன்றியது.

ஆனால் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் தேதி சாயங்காலம், ஆட்கள் போன பிறகு, பைக்கை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். மோட்டார் ஓடவில்லை. பாத்திகளில் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. வாய்க்கால் ஓரமாக வயர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஒட்டுப் போட்ட இடத்தில் சுற்றிய டேப் உரிந்து செம்பு தெரிந்தது. வரப்பில் கிடந்த ஒரு சவுக்குக் கழியை எடுத்து நட்டு, பைக்கில் இருந்த நைலான் கயிற்றால் வயரைத் தூக்கிக் கட்டினேன். இடுப்பு உயரம் வந்தது. வரப்பு ஈரமாகத்தான் இருந்தது. கழி அரை அடிதான் இறங்கியிருக்கும். நாலு நாளைக்குத் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வரும்போது மனசு லேசாக இருந்தது.

இருபதாம் தேதி மத்தியானம் போன் வந்தது.

"சார், போய்ச் சேந்துடுச்சி சார். வயர தூக்கிக் கட்டிட்டாங்க."

எதுவும் போகவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"எது போச்சுன்னு தெரியல. கடைசியா போட்டதா இருக்கும். ரொம்ப தேங்க்ஸ் சார். உங்களத்தான் நாலஞ்சி தபா தொந்தரவு பண்ணிட்டேன். மங்கம்மாக்கா என்னைய கிண்டல் பண்ணிக்கினே இருந்துச்சி, உன் கம்ப்யூட்டரு கண்ணத் தெறக்குமான்னு. தெறந்துச்சா பாருக்கான்னு சொன்னேன்."

"நல்லதுங்க" என்றேன்.

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை மங்கம்மாவின் வாக்குமூலத்திலிருந்தே நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மே நாலிலிருந்து வினோதினி யாரையும் அந்த வாய்க்காலில் இறங்க விடவில்லை. உப்புக் கூடையோடு எல்லோரையும் கோடி வரப்பைச் சுற்றித்தான் கூட்டிப் போயிருக்கிறார். சுற்றிப் போகிறோமே என்று திட்டியவர்களுக்கும் அவரே பதில் சொல்லியிருக்கிறார். இருபதாம் தேதிதான், "கம்பெனியில பாத்துட்டாங்க, வாங்கக்கா, இப்படியே போலாம்" என்று முதல் ஆளாக இறங்கியிருக்கிறார். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இருபத்தொன்றாம் தேதி பகல் பன்னிரண்டரைக்கு, கடல் காற்று எழும்பும் நேரம், கழி சாய்ந்திருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நடு வாய்க்காலில் இருந்தார். பின்னால் வந்த மங்கம்மா வரப்பிலேயே இருந்ததால் பிழைத்தார்.

வயர் கீழேயே கிடந்திருந்தால் அவர் இறங்கியிருக்க மாட்டார்.

இரண்டு மணிக்கு பஞ்சநாதன் சார் போன் செய்தார். "அளத்துல ஒரு பொண்ணு செத்துப் போச்சுப்பா. வயராம். வினோதினின்னு பேரு. சைட்ல ஏதாவது வந்துச்சா? எனக்கு ஒண்ணும் வரல."

"பாத்துச் சொல்றேன் சார்" என்றேன்.

பாதுகாப்பு விதிகள் இருக்கிற கோப்பைத் திறந்து ஹேஷ் குறியை அழித்தேன். ஒரு தட்டு. பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. சர்வர் கடிகாரத்தைக் காலை பத்து நாற்பதுக்குத் திருப்பி வைத்தேன். பதிவேட்டிலிருந்து அவருடைய முதல் புகாரை எடுத்து, அதில் 'நேத்து' என்ற சொல்லை மட்டும் நீக்கிவிட்டு, பெயர் என்ற இடத்தில் வினோதினி என்று போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. கடிகாரத்தைச் சரி செய்தேன். சாரைக் கூப்பிட்டு, "வந்திருக்கு சார், காலையிலதான் போட்டிருக்காங்க. மறுபடி பாருங்க" என்றேன்.

இரண்டு மணி நேரத்துக்குள் யாரால் என்ன செய்திருக்க முடியும்? கம்பெனி மேலும் குற்றம் இல்லை, வெப்சைட் மேலும் குற்றம் இல்லை. அந்த நேரத்தை நான் யோசித்துத்தான் வைத்தேன். பிறகு பழைய பதிவேடு முழுவதையும் அழித்தேன். அறுபத்துமூன்றும், அதன் பிறகு வந்தவையும், அவருடைய பதினொன்றும். உங்களிடம் நான் சொன்ன வரிகள் என் ஞாபகத்திலிருந்து. ஒரு சொல் மாறியிருக்காது.

காரியம் முடிந்த மறுநாள் அசோகன் என் ஆபீஸுக்கு வந்தார். கையில் அந்தப் புகாரின் நகல், லேமினேஷன் போட்டது. கீழே ஜெராக்ஸ் கடையில்தான் போட்டிருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, எங்க ஆளுங்க கேக்கறாங்க, படிச்ச பொண்ணு, பாத்து எறங்கறதில்லயான்னு. நான் இத எடுத்துக் காட்டறேன். அவ சொல்லிட்டுதான் செத்திருக்கா. உன் சைட்டு இல்லன்னா இது யாருக்குத் தெரியப்போவுது?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஒண்ணுதான் தம்பி புரியல. மொத நாளே எங்கிட்ட சொன்னா, வயர கட்டிட்டாங்க, என் புகார் போயிடுச்சின்னு. மீன் கொழம்பெல்லாம் வச்சி ஒரே சந்தோஷம். அப்புறம் ஏன் மறுநாள் காலையில கீழ கெடக்குதுன்னு போட்டிருக்கா?"

"மறுபடி அவுந்திருக்கும்ணா" என்றேன்.

தாளில் இருந்த நேரத்தை விரலால் தொட்டார். "அவுந்தத பாத்துட்டுதான் போட்டிருக்கான்னா, பின்ன ஏன் தம்பி அதுலயே எறங்கனா?" என்றார். என்னைக் கேட்டது மாதிரி இல்லை. பதிலுக்கு நிற்கவும் இல்லை. தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் மாற்றி வைத்த நேரத்தால் அவர் இனி அந்தக் கேள்வியோடுதான் இருக்க வேண்டும். செத்த பிறகும் அந்தப் பெண் மேலேயே ஒரு தவறைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் வந்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் வெட்கம், மேடம். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஷாமியானாவில் எல்லோர் முன்பும் ஒன்று சொல்லிவிட்டேன், அது பொய்யாகிவிட்டது, அதை ஒத்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. இப்போது உங்கள் முன்னால் இருக்கிற கூச்சத்தோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அசோகனிடம் நான் நேரில் சொல்ல வேண்டும் என்றால் சொல்கிறேன். நீங்களே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

வேறு யார் மேலும் தவறு இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். கழி நட்டது நான், கயிறு கட்டியது நான், புகார் போட்டதும் நான். கம்பெனிக்காரர்களிடம் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அந்த வெப்சைட்டை மூட வேண்டியதில்லை. படிவம் இப்போது சரியாக இருக்கிறது. தமிழில் எழுதினால் போய்ச் சேரும். சோதித்துப் பார்த்துவிட்டேன்.